வீணை ஏன் கரகரக்கிறது? தந்தி வாத்தியக் கேள்வி பதில்

முப்பது வருடமாக வீணை சொல்லிக்கொடுக்கிறேன். வாத்தியம் செய்கிறவள் இல்லை. தஞ்சாவூரில் ஒரு ஆசாரியின் பட்டறையில் விடுமுறைக்கு விடுமுறை உட்கார்ந்து பார்த்ததும், மாணவர்களின் வாத்தியங்களோடு மல்லுக்கட்டியதும்தான் என் படிப்பு. அந்த அளவுக்கு என் பதில்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): டீச்சர், மூன்று மாதமாக வீணையின் சாரணித் தந்தி (முதல் தந்தி) கரகரவென்று கேட்கிறது. தந்தியை மாற்றியும் போகவில்லை. குதிரை (தந்திகளைத் தாங்கும் கட்டை) மேல் இருக்கும் தகட்டை உப்புத்தாளால் தேய்க்கலாமா?

முதலில் உப்புத்தாளை உள்ளே வையுங்கள். அந்தத் தகடு பார்வைக்குத்தான் தட்டை. அதில் மெல்லிய வளைவு ஒன்று உண்டு, வீணையின் நாதமே அந்த வளைவில்தான் இருக்கிறது. கண்டபடி தேய்த்தால் அது போய்விடும்.

கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எந்த மெட்டிலும் (ஸ்வரத்துக்காகத் தந்தியை அழுத்தும் குறுக்குக் கம்பி) அழுத்தாமல் மீட்டும்போதே கேட்டால் சந்தேகம் குதிரை மேல். தந்தி அமர்ந்து அமர்ந்து தகட்டில் கோடு விழுந்திருக்கும். தந்தியைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தட்டுப்படும். ஆசாரி கையில் அது சின்ன வேலை. ஒரே ஒரு மெட்டில் மட்டும் என்றால் அந்த மெட்டு, தான் பதிந்திருக்கும் மெழுகில் இறங்கியிருக்கிறது, இல்லை அதற்கு அடுத்தது எழும்பியிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் எந்தத் தந்தியில் வாசித்தாலும் கரகரத்தால் ஏதோ தளர்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். லங்கர் (தந்தி நுனியில் இருக்கும் கம்பி வளையம்), நாகபாசம் (தந்திகளைக் கட்டும் வால்பக்கப் பிடிப்பு), சுரைக்காயின் திருகு என்று ஒவ்வொன்றாக ஒருவர் விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, நீங்கள் வாசித்துப் பாருங்கள். எதைப் பிடிக்கும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் ஆள்.

ஒருமுறை பஞ்சமத்தில் மட்டும் ஜிர்ரென்று ஒரு சத்தம். ஒரு வாரம் வீணையைத் தலைகீழாகப் புரட்டினேன். கடைசியில் பார்த்தால் அலமாரியில் சாய்த்து வைத்த எவர்சில்வர் தட்டு! அதனால் எதையும் கழற்றுவதற்கு முன் வீணையை அடுத்த அறைக்குக் கொண்டுபோய் வாசித்துப் பாருங்கள்.

கேள்வி (மதுரை): ஏழு தந்தியையும் மொத்தமாகக் கழற்றிப் புதிதாகப் போட்டேன். அதிலிருந்து எந்த மெட்டிலும் சுருதி சேரவில்லை. மெட்டெல்லாம் கெட்டுப்போய்விட்டதா, டீச்சர்?

இருபத்துநாலு மெட்டும் ஒரே நாளில் கெடாது. நகர்ந்தது குதிரையாகத்தான் இருக்கும். குதிரையை ஒட்டி வைப்பதில்லை. தந்திகளின் அழுத்தத்தில்தான் அது குடத்துப் பலகை (வீணையின் பெரிய உருண்டைப் பகுதியை மூடும் பலகை) மேல் நிற்கிறது. மொத்தத் தந்தியையும் எடுத்தால் அதைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை.

12வது மெட்டுக்கு நேர் மேலே சாரணியை அழுத்தாமல், பட்டும் படாமலும் தொட்டு மீட்டுங்கள். மேல் ஷட்ஜம் மணி மாதிரி வரும். இப்போது அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறிப் பேசினால் குதிரை மெட்டுகளின் பக்கம் வந்துவிட்டது, கொஞ்சம் தள்ளி வையுங்கள். இறங்கிப் பேசினால் கிட்டே கொண்டுவாருங்கள். தந்திகளை நன்றாகத் தளர்த்திவிட்டு நூலளவு நூலளவாக நகர்த்த வேண்டும். சரியான இடம் கிடைத்ததும் குதிரையின் கால்களைச் சுற்றிப் பென்சிலால் லேசாகக் கோடு போட்டு வையுங்கள். இனிமேல் ஒன்றைக் கழற்றி மாட்டிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

கேள்வி (சென்னை): தம்புராவில் சுருதி சேர்கிறது, ஆனால் ரீங்காரமே இல்லை. டொக் டொக் என்கிறது. தந்தி மட்டமா?

ஜீவா, அதாவது ரீங்காரம் தரும் நூல், சரியாக அமையவில்லை. குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் போடுகிற அந்த நூல்தான் தந்தியை வளைவின் மேல் சரியாக உரச வைக்கிறது. சாதாரணத் தையல் நூல் போதும். சுருதி சேர்த்த பிறகு, ஒரு கையால் விடாமல் மீட்டிக்கொண்டே மறு கையால் நூலின் இரு முனையையும் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. ஓர் இடத்தில் தந்தி சட்டென்று திறந்துகொண்டு பேசும். மயிரிழை தாண்டினால் மறுபடி டொக். நாலு தந்திக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். சுருதியை மாற்றினால் நூலையும் மறுபடி நகர்த்த வேண்டியிருக்கும். பொறுமை இல்லாத நாளில் இதில் உட்காராதீர்கள்.

சி.வி. ராமன் 1921ல் இதைப் பற்றியே எழுதியிருக்கிறார். தந்தியில் ஒரு உபஸ்வரத்தின் (மூல ஸ்வரத்தோடு சேர்ந்து எழும் மேல் ஒலி) கணு, அதாவது அசையாத இடம், எங்கே இருக்கிறதோ அங்கே மீட்டினால் அந்த உபஸ்வரம் ஒலிக்கக் கூடாது என்பது பௌதிக விதி. தம்புராவிலும் வீணையிலும் அது ஒலிக்கிறது! காரணம் இந்தக் குதிரையின் வளைவுதான் என்று காட்டினார். உங்கள் வீட்டுத் தையல் நூல் அவ்வளவு பெரிய வேலை செய்கிறது.

கேள்வி (சிங்கப்பூர்): அக்கா, மகளின் வயலினில் பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி) நிற்பதே இல்லை. ஏசி போட்டால் சுழன்றுவிடுகிறது. குதிரையும் சாய்ந்த மாதிரி தெரிகிறது.

ஏசியில் மரம் காய்ந்து சுருங்கும், பிருடை தளரும். நிறுத்தினால் ஈரம் ஏறி இறுகும். வயலின் தினமும் இந்த இரண்டுக்கும் நடுவே அல்லாடுகிறது. வாசித்ததும் பெட்டியில் வைத்து மூடுங்கள். ஏசிக் காற்று நேராகப் படக் கூடாது. பிருடையை வெளியே இழுத்து, தேய்கிற இடத்தில் சாக்கட்டியை லேசாகத் தடவி, உள்ளே அழுத்திக்கொண்டே திருகுங்கள்.

குதிரை சாய்வது அவசரமான விஷயம். விட்டுவிட்டால் ஒருநாள் டப்பென்று விழும், உள்ளே நிற்கும் சின்னக் குச்சியும் சேர்ந்து சரியலாம். அந்தக் குச்சியை நிறுத்தக் கடைக்குத்தான் போக வேண்டும். தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி, இரண்டு கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் குதிரையின் மேல் விளிம்பைப் பிடித்து நிமிர்த்துங்கள். வால்பக்கத்து முகம் பலகைக்குச் செங்குத்தாக இருந்தால் சரி.

கேள்வி (திருச்சி): வீணை மரத்துக்குத் தேங்காய் எண்ணெய் போட்டால் நாதம் கூடுமா?

கூடாது. எண்ணெய் வாசிக்கிற விரலுக்கு மட்டும். மரத்துக்கு உலர்ந்த பருத்தித் துணி.

கேள்வி (கோவை): பாட்டியின் வீணை இருபது வருடமாகப் பரணில் இருந்தது. இறக்கிவிட்டோம். உடனே சுருதி சேர்க்கலாமா?

வேண்டாம். முதலில் குடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டைகளும் கீழே மாவு மாதிரித் தூளும் இருந்தால் மரம் உளுக்கிறது. குடமும் தண்டியும் (நீண்ட கழுத்து) சேரும் இடத்தில் விரிசல் உண்டா பாருங்கள். ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையானால் அங்கே இணைப்பு இருக்காது, ஒட்டு வீணையில் இருக்கும். சுரைக்காய் உடைந்திருந்தால் அழ வேண்டாம்; நாதத்தில் அதன் பங்கு சின்னது, வேறு மாட்டலாம்.

மரம் நன்றாக இருந்தால் பழைய தந்திகளை ஒவ்வொன்றாக எடுத்து அதனிடத்தில் புதியது போட்டு, வழக்கமான சுருதிக்கு இரண்டு கட்டை கீழே சேர்த்து ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். மெழுகு எப்படியும் காய்ந்து வெடித்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்துப் புது மெழுகில் மெட்டுகளை ஸ்வரத்துக்கு நிறுத்துவதை மேளம் கட்டுவது என்பார்கள். காது பழகிய ஆள்தான் செய்ய வேண்டும், வீட்டில் முயற்சி வேண்டாம்.

மேளம் கட்டத் தஞ்சாவூருக்குக் காரில் கொண்டுபோனால் விடியற்காலையில் கிளம்புங்கள். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால், கட்டிய மேளம் திரும்பி வரும்போதே இளகிவிடும். சுரைக்காயைக் கழற்றித் தனியாகப் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.