ஆற்காடு ரூபாயும் ஒரு வாட்ஸ்அப் செய்தியும்

கேள்வி: மாமனார் விட்டுப்போன தகர டப்பாவில் விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய்கள் நிறைய இருந்தன. மகன் சொல்லிக்கொடுத்து, ஒரு வருடமாக இணைய ஏலத்தில் அவற்றை விற்கிறேன். பிடித்ததை வாங்கவும் செய்கிறேன். போன மாதம் ‘நவாப் அடித்த ஆற்காடு ரூபாய், 1758, மிக அரிது’ என்று ஒன்று வந்தது. நம் பக்கத்துக் காசாயிற்றே என்று 5,200 ரூபாய் வரை கேட்டேன், கிடைக்கவில்லை. முன்பே ஒரு சந்தேகம் கேட்டபோது விற்பவரிடம் என் எண்ணைக் கொடுத்திருந்தேன். மறுநாள் அவர் வாட்ஸ்அப்பில் வந்து, “ஜெயித்தவர் பணம் கட்டவில்லை, 5,000க்கு உங்களுக்கே தருகிறேன்” என்றார். கூகுள் பேயில் அனுப்பினேன். வந்த நாணயத்தைப் பார்த்த வெள்ளிக் கடைக்காரர், இது வெள்ளியே இல்லை என்கிறார். விற்றவரோ போனை எடுப்பதில்லை. அதே வாரம், நான் விற்ற 1862ஆம் ஆண்டு வெள்ளி ரூபாயைப் ‘போலி’ என்று ஒருவர் திருப்பி அனுப்பினார். வந்தது என் நாணயமே இல்லை. தளம் அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. அந்தப் போலியை வேறு யாருக்காவது தள்ளிவிட்டுப் போட்ட பணத்தை எடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக 1930க்குப் போன் செய்யுங்கள். இணையப் பண மோசடிக்கு நாடு முழுவதற்கும் அதுதான் எண். பணம் அனுப்பிய தேதி, 12 இலக்கப் பரிவர்த்தனை எண், எதிராளியின் கணக்கில் காட்டிய பெயர், வாட்ஸ்அப் பேச்சின் படங்கள் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால், எதிர்க் கணக்கிலேயே அதை நிறுத்திவைக்க வழி இருக்கிறது. உங்களுக்கு நாள் கடந்துவிட்டது. அதனால் 5,000 திரும்ப வரும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் புகார் கொடுங்கள். அதே கணக்கின் மேல் இன்னும் நாலு புகார் சேரும்போது வழக்குக்கு வலு வரும். பழைய 420 என்றால் எல்லோருக்கும் தெரியும்; 2024 ஜூலையிலிருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவு.

இனி அந்த வாட்ஸ்அப் செய்திக்கு வருவோம். ஏலத்தில் ஜெயித்தவர் பின்வாங்குவது நடக்கிற விஷயம்தான். ஈபே போன்ற தளங்களில் அதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. அடுத்து அதிகம் கேட்டவருக்கு ‘இரண்டாம் வாய்ப்பு’ என்று தளத்துக்குள்ளேயே செய்தி வரும், பணமும் தளத்தின் வழியாகவே போகும். அது உங்கள் சொந்த எண்ணைத் தேடிக்கொண்டு வராது. கைக்கு எட்டியது போய்விட்டதே என்று நீங்கள் ஏங்கிக்கொண்டிருந்த நேரத்தைப் பார்த்து வந்திருக்கிறார் அந்த மனிதர். 5,200க்கு மேல் உங்களைத் தாண்டியது யார் என்று அந்த ஏலப் பக்கத்தில் இப்போதாவது பாருங்கள். புதிதாகத் திறந்த கணக்கு, வேறு எவரிடமும் எதையும் வாங்கியதில்லை, இந்த ஒரே விற்பனையாளரின் பொருட்களுக்கு மட்டும் கேட்டிருக்கிறார் என்றால், விற்பவரே இன்னொரு பெயரில் விலையை ஏற்றியிருக்கிறார் என்று நான் சந்தேகப்படுவேன்.

பொய்கை மாட்டுச்சந்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். செவ்வாய்க்கிழமை சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்கள்கூட, அதற்கு முன் மாட்டின் பல்லைப் பார்த்திருப்பார்கள், நாலடி நடக்கவிட்டுப் பார்த்திருப்பார்கள். தரகர் கூடவே நிற்பார். வீட்டுக்குப் போன பிறகு ஏதாவது கோளாறு என்றால் அடுத்த வாரம் அந்தத் தரகரைப் பிடித்துக் கேட்கலாம். இணைய ஏலத்தில் தளம்தான் அந்தத் தரகர். அதற்குக் கொடுக்கும் கமிஷன் மிச்சம் என்று வெளியே வந்து பேரம் முடித்தால், பிறகு யாரைப் போய்க் கேட்பது? உங்கள் இரண்டு இழப்பில் முதலாவது இப்படித்தான் வந்தது.

அந்த நாணயத்தைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆற்காடு ரூபாயை நவாப் மட்டும் அடிக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியும், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும் அதே பெயரில் அடித்தார்கள். பிரெஞ்சு நாணயத்தில் பிறைக்குறி இருக்கும், சென்னையில் கம்பெனி அடித்ததில் தாமரை. கம்பெனி நாணயங்களில் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும், ஹிஜ்ரி (இஸ்லாமிய நாட்காட்டி) 1172 என்ற ஆண்டும் இருக்கும். அவர் 1759இல் இறந்த பிறகும், 19ஆம் நூற்றாண்டு வரை அதே ஆண்டைப் போட்டு அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஆகவே 1172 என்ற எண்ணை 1758 என்று மாற்றி எழுதி, ‘நவாப் அடித்தது, மிக அரிது’ என்று விற்பவரிடம் கவனமாக இருங்கள். நாணயம் அசலாகவே இருந்தாலும் அந்த விவரம் தப்பாக இருக்கலாம்.

அச்சு வைத்து அடித்த நாணயத்துக்கும் வார்த்தெடுத்த போலிக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். போலியில் ஊசிமுனை அளவு குழிகள் இருக்கும், எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும், சில சமயம் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடும். காந்தம் ஒட்டினால் போலி என்று தீர்மானித்துவிடலாம். ஒட்டவில்லை என்பதற்காக அசல் என்று நம்பிவிடக் கூடாது. வாங்குவதற்கு முன், விளிம்பின் படமும் தராசில் வைத்த படமும் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். உச்ச விலையைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்காதீர்கள். வேலூருக்கு வரும்போது கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கும் போய்வாருங்கள். அசல் பழங்காசுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் போலி சீக்கிரம் பிடிபடும்.

நாணயத்தை மாற்றி அனுப்பியவர் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது, ஏனென்றால் அங்கே நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. அதை இன்னும் விட்டுவிடாதீர்கள். ஏலத்துக்கு நீங்கள் போட்ட படத்தையும், திரும்பி வந்த நாணயத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தளத்துக்கு மேல்முறையீடு எழுதுங்கள். பழைய நாணயம் ஒவ்வொன்றிலும் அதற்கே உரிய கீறலும் தழும்பும் இருக்கும். ராணியின் கன்னத்தில் உள்ள ஒரு கோட்டை வட்டமிட்டுக் காட்டினால் போதும். 1862 ரூபாயின் எடை 11.66 கிராம், புழக்கத்தில் தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையும். வந்த நாணயத்தை எடை போட்டு அந்தப் படத்தையும் சேருங்கள். விரைவுத் தபால் ரசீதில் பார்சலின் எடை அச்சாகியிருக்கும், நீங்கள் அனுப்பியதற்கும் அவர் அனுப்பியதற்கும் இரண்டையும் தேடி எடுங்கள். மேல்முறையீட்டுக்கு நாள் கெடு உண்டு என்பதால் இதை நாளைக்குத் தள்ளாதீர்கள்.

அடுத்த முறையிலிருந்து, நாணயத்தின் இரண்டு பக்கம், விளிம்பு, தராசு, உறையில் போடுவது, ஒட்டுவது, முகவரி எழுதுவது வரை நடுவில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்துவிடுங்கள். திரும்பி வரும் பார்சலையும் கேமரா முன்னால்தான் பிரிக்க வேண்டும். பணம் அனுப்பிவிட்டேன் என்று யாராவது ஸ்கிரீன்ஷாட் காட்டினால், உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கும்வரை பார்சல் வீட்டைவிட்டுப் போகக் கூடாது. பணம் வாங்குவதற்கு உங்கள் ரகசிய எண்ணும் (PIN) தேவையில்லை, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. அப்படி யாராவது கேட்டால் அவர் எடுக்கப் போவது உங்கள் பணத்தை.

பழைய நாணயம் விற்பவர்களைக் குறிவைத்து இன்னொரு கூட்டமும் இருக்கிறது. உங்கள் 5 ரூபாய் நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், பதிவுக் கட்டணமும் வரியும் மட்டும் முதலில் கட்டுங்கள் என்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்வார்கள். தனக்கும் இந்த வியாபாரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து யாராவது நல்ல விலை கேட்டாலும் அனுப்பிவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள், அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. டப்பாவில் இருப்பதை விற்று முடிப்பதோடு நிற்காமல், வாங்கி விற்பதையே தொழிலாக்கும் எண்ணம் இருந்தால் அதற்கும் உரிமம் வேண்டும். இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

வீட்டுக்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பல வருடம் முன்பு நானும் ஒரு போலி வாங்கினேன், வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து என் நண்பர் அதே ஆளிடம் அதைவிடப் பெரிய தொகையைக் கொடுத்து ஏமாந்து வந்தார். நான் வாய் திறந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. நீங்கள் ஏமாற்றப்பட்டவர், தலை குனிய வேண்டியவர் நீங்கள் இல்லை.

ஆனால் அந்தப் போலியைத் தெரிந்தே இன்னொருவரிடம் தள்ளிவிட்டால், அடுத்த வாரம் வேறோர் ஊரிலிருந்து ஒரு பெண் இதே கடிதத்தை எனக்கு எழுதுவார், நீங்கள் இருந்த இடத்தில் அவர் இருப்பார். வேண்டாம் அம்மா. அது உங்கள் புகாருக்குச் சாட்சிப் பொருளும்கூட. ஓர் உறையில் போட்டு, மேலே ‘போலி’ என்று பெரிதாக எழுதி, 1930இல் தரும் புகார் எண்ணையும் குறித்து, மாமனாரின் டப்பாவில் சேராமல் தனியாக வையுங்கள். டப்பாவில் மீதி இருக்கும் நாணயங்களின் இரண்டு பக்கப் படங்களையும் எடையையும் எனக்கு அனுப்புங்கள். விற்பதற்கு முன் ஒருமுறை நானும் பார்த்துச் சொல்கிறேன்.