லோடு செல்லின் மில்லிவோல்ட்டை அர்டுயினோவில் படிப்பது எப்படி?

10 கிலோ லோடு செல்லை (எடையைச் சிறு மின்னழுத்தமாக மாற்றும் உணரி) அர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையின் அனலாக் பின்னில் நேரடியாக இணைத்தால், எடை வைத்தாலும் எடுத்தாலும் எண் அசைவதில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். பழுது எதுவும் இல்லை, கணக்குதான் ஒத்துவரவில்லை.

மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஊனோவின் 10 பிட் மாற்றி 5 வோல்ட் வீச்சை 1024 படிகளாகப் பிரிப்பதால், ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட் ஆகிறது. வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் என்று குறிக்கப்பட்ட செல்லோ, 5 வோல்ட் கொடுத்து முழு எடையை ஏற்றினாலும் 10 மில்லிவோல்ட்தான், அதாவது இரண்டே படிதான் தரும். அதுவும் செல்லின் இரு சிக்னல் கம்பிகளுக்கு இடையிலான வேறுபாடு. மின்சுற்றின் தரையை (0 வோல்ட் புள்ளி) பொறுத்து ஒவ்வொரு கம்பியும் 2.5 வோல்ட் அருகில் நிற்பதால், உங்கள் திரையில் 512ஐ ஒட்டிய எண்ணே தெரிந்திருக்கும்.

இதற்கு எச்எக்ஸ்711 சில்லு பொருத்தமானது. வேறுபாட்டை மட்டும் எடுத்து, 128 மடங்கு பெருக்கி, 24 பிட் எண்ணாகத் தருகிறது. (24 பிட்டையும் நம்பிவிடாதீர்கள், கடைசிச் சில பிட்டுகள் வெறும் இரைச்சல்.) நொடிக்கு 10 அளவீடு என்ற வேகத்திலேயே விடுங்கள், அப்போதுதான் மின்கம்பிகளிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் குறுக்கீட்டை அதன் வடிகட்டி நீக்கும். சிக்னல் கம்பிகளை முறுக்கி, குட்டையாக வையுங்கள்.