பூஜ்யத்திடம் கடன் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை மூன்று வருடங்களாக வாசிக்கிறேன். இதுதான் முதல் கடிதம். ஆசிரியர் பயிற்சியில் முதல் ஆண்டு படிக்கிறேன். 20 ஆண்டுகளுக்குக் குறையாத அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரைப் பேட்டி கண்டு, இந்தத் தொழிலைப் பற்றி என்ன தெரிந்துகொண்டோம் என்று எழுதித் தர வேண்டும். தொடக்கப்பள்ளியில் 26 ஆண்டுகளாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியை ஒரு மணி நேரம் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

24 கேள்விகள் தயார்செய்து இணைத்திருக்கிறேன். ஏன் இந்தப் பணிக்கு வந்தீர்கள், சிறந்த ஆசிரியருக்கு என்ன பண்புகள் வேண்டும், மறக்க முடியாத மாணவர் யார், தொழில்நுட்பம் ஆசிரியரின் இடத்தைப் பிடித்துவிடுமா என்பது போன்றவை. சம்பளம், களைப்பு பற்றி இரண்டு கேள்விகள் இருந்தன. மரியாதையாக இருக்காது என்று எடுத்துவிட்டேன். கேள்விகள் போதுமா? குரலைப் பதிவு செய்யலாமா, குறிப்பெடுத்தால் போதுமா? அவர் மனம்விட்டுப் பேசுவாரா என்று பயமாக இருக்கிறது. உண்மையில், நான் இந்த வேலைக்கு ஏற்றவள்தானா என்பதையே இந்தப் பேட்டியில் தெரிந்துகொள்ள நினைக்கிறேன்.

கே.

அன்புள்ள கே,

கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த 24 கேள்விகளுக்கும் யாரையும் சந்திக்காமல் உட்கார்ந்த இடத்திலேயே நான் பதில் எழுதிவிடுவேன். நல்ல ஆசிரியருக்குப் பொறுமை வேண்டும், அர்ப்பணிப்பு வேண்டும், குழந்தைகள் மேல் பிரியம் வேண்டும். கணினி வந்தாலும் ஆசிரியருக்கு ஈடாகாது. மறக்க முடியாத மாணவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உயிரை வாங்கியவன். பிற்பாடு பெரிய உத்தியோகத்துக்குப் போய், ஒருநாள் தேடி வந்து கண்கலங்கியவன். எழுதிக் கொடுங்கள், மதிப்பெண் வந்துவிடும். அதற்கு ஒரு மனுஷியின் ஒரு மணி நேரம் எதற்கு?

வழக்கமாக இப்படிப்பட்ட கடிதங்களுக்குத் தனியாக நாலு வரி எழுதி அனுப்பிவிடுவேன். இதற்கு இங்கே பதில் எழுதக் காரணம், போன மாதம் என் வீட்டில் நடந்த ஒன்று. ஓர் இளைஞர் என்னைப் பேட்டி காண வந்தார். எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டார். விடிகாலையில் எழுந்துவிடுவேன், முதல் வரி தானாக வரும்வரை காத்திருப்பேன், வந்ததும் ஒரே மூச்சில் முடித்துவிடுவேன் என்றேன். நம்பித்தான் சொன்னேன். அவர் போனதும் அடுத்த அறையிலிருந்து மனைவியின் குரல்: "நீங்க எப்ப விடிகாலையில எழுந்தீங்க?"

அவள் கேட்டது நியாயம். பத்து மணிக்குத்தான் உட்காருகிறேன். நடுவிலிருந்து தொடங்குகிறேன். முதல் வரி கடைசியில்தான் வருகிறது, அதுவும் நாலு முறை அடித்த பிறகு. பல வருடமாகச் செய்கிற வேலை. ஆனால் அதைப் பற்றிக் கேட்டதும் என் வாயில் வந்தது வேறு யாரோ எங்கோ சொன்னது.

அன்றிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறேன். உங்கள் கடிதம் அங்கே வந்து விழுந்தது.

நானும் கொஞ்சகாலம் வாத்தியாராக இருந்தவன். ஒன்றரை வருடம். ஓடிவந்துவிட்டதால் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை. பீரியட் தொடங்கிப் பத்து நிமிடத்தில் என் வகுப்பில் சந்தை கூடிவிடும். பக்கத்து வகுப்பு டீச்சருக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. அந்த அறையிலிருந்து இரைச்சலும் வராது, அதட்டலும் வராது. ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் வெட்கத்தை விட்டு, "எப்படி டீச்சர்?" என்று கேட்டேன். திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து அவர் நிமிரவே இல்லை. "அன்பா இருங்க சார், தானா வரும்."

ஒரு வாரம் அன்பாக இருந்தேன். வகுப்பு கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது.

பிறகு அவரிடமே அனுமதி கேட்டு, எனக்கு வகுப்பில்லாத பீரியடுகளில் அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாம் நாள்தான் கண்ணில் பட்டது. போர்டில் எழுதும்போது அவர் வகுப்புக்கு முதுகைக் காட்டுவதே இல்லை. வலது கை போர்டில் இருக்கும், இடது தோள் பிள்ளைகள் பக்கம். எழுத எழுத ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்வார், அதனால் எழுதியது மறையாது. நாலு சொல்லுக்கு ஒருமுறை பார்வை கடைசி பெஞ்சுவரை போய்த் திரும்பும். எவனாவது பக்கத்திலிருப்பவனைச் சீண்டத் தொடங்கினால் பெயர் சொல்லி அதட்ட மாட்டார். பாடத்தைச் சொல்லிக்கொண்டே நடந்துபோய் அவன் பெஞ்சோரம் நின்று அடுத்த வரியைச் சொல்வார். அவ்வளவுதான், அடங்கிவிடும். இன்னொன்று: கேள்வியை முதலில் கேட்பார், கொஞ்சம் பொறுப்பார், அதன் பிறகுதான் ஒரு பெயரைச் சொல்வார். நான் பெயரை முதலில் சொல்லிக்கொண்டிருந்தேன். "நீ எழுந்திரு" என்றதும் மற்ற 40 பேரும் நிம்மதியாக விளையாடப் போய்விடுவார்கள்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். சாக்பீஸைப் பிடித்தபடி யோசித்தார். "அப்படியா? நான் அப்படியா நிக்கறேன்?" மறுநாள் அதே நினைப்பில் போர்டில் எழுதப்போய் வரி கோணிக்கொண்டு போனது. "உங்களால எனக்கு எழுதவே வரலை சார்" என்று திட்டினார்.

இப்போது சொல்லுங்கள், 'அன்பா இருங்க' என்று அவர் சொன்னது பொய்யா? இல்லை. அவருக்குத் தெரிந்த வித்தை தோளில் இருந்தது, நாக்கில் இல்லை. ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளரும் இப்படித்தான் முதலில் ஏமாந்தார். தவறு செய்யும் பிள்ளையை ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில்தான் சூட்சுமம் என்று நினைத்து ஆராயத் தொடங்கினார். வகுப்பறைகளை வீடியோவில் பதிந்து பார்த்தால், கண்டிக்கும் விதத்தில் ஒரு விசேஷமும் இல்லை. தவறு நடப்பதற்கு முன்னால் ஆசிரியர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதில்தான் விஷயம் இருந்தது. 1970இல் எழுதினார்: டீச்சருக்கு முதுகிலும் கண் உண்டு என்று பிள்ளைகள் நம்ப வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டைக் கவனிக்க வேண்டும், பாடத்தின் ஓட்டம் அறுபடக் கூடாது. வீடியோ வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். கேட்டு மட்டும் இது கிடைத்திருக்காது.

ரிச்சர்ட் நிஸ்பெட், திமோத்தி வில்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1977இல் சொன்னது இன்னும் வேடிக்கை. நான்கு ஜோடிக் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வந்தவர்களைக் கேட்டார்கள். நான்கும் ஒன்றேதான். ஆனால் வலது கோடியில் இருந்ததைத்தான் அதிகம்பேர் எடுத்தார்கள். ஏன் என்று கேட்டால், அது இருந்த இடத்தை ஒருவர்கூடக் காரணமாகச் சொல்லவில்லை. காலுறைக்கே இந்தக் கதி. 26 வருட உழைப்பைப் பற்றி ஒரு மணி நேரத்தில் என்ன சொல்லிவிடுவார்?

'நானும் பள்ளியில் படித்தவள்தானே, பார்க்காததா' என்று தோன்றும். ஆசிரியர் தொழிலை ஆராய்ந்த சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் ஒரு கணக்குச் சொன்னார்: பள்ளிப்படிப்பு முடிவதற்குள் ஒரு மாணவர் ஆசிரியர்களுக்கு எதிரே சுமார் 13,000 மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறார். அத்தனையும் பார்வையாளர் வரிசையில். முந்தின நாள் இரவு டீச்சர் எதை எழுதி எதை அடித்தார் என்பது அங்கிருந்து தெரியாது. அவ்வளவு நேரம் பார்த்ததால்தான் தெரியும் என்ற நினைப்பு நமக்கு வந்துவிடுகிறது. இந்தத் தொழிலில் இது பெரிய தொந்தரவு.

ஆகவே முதலில் அவர் வகுப்பில் இரண்டு பீரியடாவது பின்னால் போய் உட்காருங்கள். பிறகு, பார்த்ததை வைத்துக் கேளுங்கள். "அந்தப் பையன் பதில் சொன்னதும் சரி, தப்பு என்று சொல்லாமல் இன்னொருத்தியிடம் கேட்டீர்களே, ஏன்?" இப்படி. பண்பைக் கேட்காதே, சம்பவத்தைக் கேள் என்பது ஜான் ஃபிளானகன் என்ற உளவியலாளர் 1954இலேயே முறையாக எழுதிவைத்தது, போர்க்கால விமானப்படை ஆய்வுகளில் பட்டுத் தெரிந்துகொண்டது. விமானிக்குப் பொருந்தியது வாத்தியாருக்குப் பொருந்தாதா?

இன்னொரு வருத்தம் எனக்கு. 26 வருடமாகக் கணக்கு எடுக்கிறவரிடம் போகிறீர்கள். உங்கள் பட்டியலை இரண்டு தடவை தேடினேன், 'கணக்கு' என்ற சொல்லே இல்லை! இது என்ன நியாயம்?

என் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் நான் கேட்டதில் உருப்படியான கேள்வி ஒன்றே ஒன்று, அதுவும் தற்செயல். திருத்திக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ஒரு பையன் 302இலிருந்து 147ஐக் கழித்து 245 என்று எழுதியிருந்தான். அவர் தப்புக்குறி போடவில்லை, ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்தார். "ஏன் டீச்சர் தப்பு போடலை?"

அன்றுதான் அவர் நிமிர்ந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நோட்டை என் பக்கம் திருப்பினார். "விடைதான் தப்பு. யோசிக்காம போடலை இவன். மேலயோ கீழயோ, எது பெருசோ அதுலேர்ந்து சின்னதைக் கழிச்சிருக்கான். ஏழுல ரெண்டு போனா அஞ்சு, நாலுல பூஜ்யம் போனா நாலு, மூணுல ஒண்ணு போனா ரெண்டு. பெருசுலேர்ந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு நாமதானே சொல்லிக்கொடுத்தோம்? சொன்ன பேச்சைக் கேட்டிருக்கான்." இரண்டு பக்கம் பின்னால் புரட்டினார். 64இலிருந்து 38 போனால் 34 என்று இருந்தது. "பாருங்க, அதே விதி. 58லேர்ந்து 23 சரியா வந்திருக்கு. அதுல இந்த விதி மாட்டிக்காது."

"அப்ப கடன் வாங்கிக் கழிக்கிறதை இன்னொரு தடவை சொல்லிக்கொடுத்தா..." என்றேன். சிரித்துவிட்டார். "302ல பக்கத்து வீட்டுல கடன் கேளுன்னா, பக்கத்துல இருக்கிறது பூஜ்யம். அதுகிட்ட என்ன இருக்கு சார் குடுக்க?"

மறுநாள் அவனைப் போர்டுக்குக் கூப்பிட்டு 245ஐயும் 147ஐயும் கூட்டச் சொன்னாராம். 392 வந்தது. 302 அல்லவா வர வேண்டும்? அவன் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம்தான் குச்சிக் கட்டுகளை எடுத்தார். மூன்று நூறு கட்டுகளில் ஒன்றை அவன் கையாலேயே பிரிக்கவைத்துப் பத்துப் பத்தாகக் கட்டச் சொன்னார். அந்தப் பத்தில் ஒன்றை மறுபடி பிரிக்கச் சொன்னார். இரண்டு நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு குச்சி. இப்போது ஏழை எடு, நாலு பத்தை எடு, ஒரு நூறை எடு. 155.

கணக்கில் பட்டம் வாங்கியவருக்கு அந்தப் பையனின் 245 எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டியதில்லை. 'கற்பித்தல் முறைகள்' என்று பொதுவாகப் படித்தவருக்கும் தெரியாது. இரண்டுக்கும் நடுவில், ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாக ஓர் அறிவு இருக்கிறது என்று லீ ஷுல்மன் என்ற கல்வி ஆய்வாளர் 1986இல் எடுத்துச் சொன்னார். நீங்கள் தேடிப் போகவேண்டியது அதைத்தான். உங்கள் ஆசிரியையிடம் அது 26 வருடச் சேமிப்பு. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நீங்கள் கேட்டவை மறந்தே போயின. பதிவு செய்யுங்கள், கேட்டுவிட்டு. பிள்ளைகளின் பெயரை எழுதாதீர்கள். அவர் மனம்விட்டுப் பேசுவாரா என்ற கவலை வேண்டாம். ஒரு நோட்டைப் பிரித்துவைத்து, இந்தக் குழந்தை ஏன் இப்படி எழுதியது என்று கேளுங்கள், நீங்கள்தான் நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கும். எடுத்துவிட்ட இரண்டு கேள்விகளையும் திரும்பச் சேருங்கள். களைப்பைப் பற்றிக் கேட்பது எப்படி மரியாதைக் குறைவாகும்? நீங்கள் ஏற்றவளா என்பது ஒரு மணி நேரத்தில் தெரியாது. ஒன்றரை வருடம் நின்று பார்த்த எனக்கே என்னைப் பற்றி இன்னும் தெரியவில்லை.

பேட்டி முடிந்ததும் அந்த நோட்டுக் கட்டை அவருடைய ஸ்டாஃப் ரூம்வரை நீங்கள் தூக்கிக்கொண்டு போங்கள். 40 நோட்டு, நல்ல கனம் இருக்கும்.