விமானக் கொட்டகையும் பேராலயமும்: இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம் போதும்

கேள்வி: வரும் ஜூன் மாதம் எட்டு நாள்கள் இங்கிலாந்து செல்லவிருக்கிறோம். விமானப் பராமரிப்புப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற என் கணவர், உலகப் போர்க்கால விமானங்களைப் பார்க்க விரும்புகிறார். எனக்கு இடைக்காலத் தேவாலயங்களின் கட்டடக்கலையில் ஈடுபாடு. உடன் வரும் மாமியாருக்கு முழங்கால் வலி. லண்டனில் அறை எடுத்துக்கொண்டு தினமும் ரயிலில் போய்த் திரும்புவது சரிவருமா? கார் தேவைப்படுமா?

பதில்: லண்டனிலிருந்து தினமும் ஒரு திசையில் போய்த் திரும்பினால் பாதிப் பொழுது ரயிலிலேயே கழிந்துவிடும், முழங்கால் வலி உள்ளவருக்கு அது தண்டனை. உங்கள் இருவரின் விருப்பமும் கேம்பிரிட்ஜ் முதல் லிங்கன் வரையிலான கிழக்குப் பகுதிக்குள்ளேயே நிறைவேறும். இடைக்காலத்தில் கம்பளி வணிகமும் மடங்களின் நிலவருவாயும் அங்கே பெரும் தேவாலயங்களை எழுப்பின. சமதளமாகவும் ஐரோப்பாவை நோக்கிய கடற்கரைக்கு அருகிலும் இருந்த காரணத்தால், இரண்டாம் உலகப் போரில் அதே வயல்வெளிகளில் விமானத் தளங்கள் நெருக்கமாக அமைந்தன. ஆகவே கேம்பிரிட்ஜில் மூன்று இரவு, லிங்கனில் மூன்று இரவு, கடைசியாக லண்டனில் ஓர் இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேம்பிரிட்ஜை அடுத்த டக்ஸ்ஃபோர்ட் விமான அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். விட்டில்ஸ்ஃபோர்ட் பார்க்வே ரயில் நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து டாக்ஸியில் சிறிது தூரந்தான். ஓடுபாதையை ஒட்டி நீளவாக்கில் பரந்த இடம் என்பதால், மாமியாருக்குச் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். அங்கு நிற்கும் சோதனைக் கான்கார்டு (ஒலியை விட வேகமாகப் பறந்த பயணிகள் விமானம்) 1977ஆம் ஆண்டில் பறந்து வந்து இறங்கியது. எம்11 நெடுஞ்சாலைக்காக ஓடுபாதை குறுகவிருந்த நேரம் அது. நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1997இல் திறக்கப்பட்ட அமெரிக்க விமானக் கூடத்தின் வாசலில் அவசரப்படாமல் நில்லுங்கள். அங்குள்ள 52 கண்ணாடிப் பலகைகளில், போரில் பிரிட்டனிலிருந்து பறந்து திரும்பாமற்போன 7,031 அமெரிக்க விமானங்களின் உருவங்கள் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளன. தொலைவிலிருந்து பார்த்தால் பூச்சிக்கூட்டம் போலத் தெரிபவை, கிட்டே சென்றால் இறக்கையும் வாலுமாக விமானங்களாகின்றன. விமானக் காட்சி நடைபெறும் நாள்களில் தனிக் கட்டணமும் பெருங்கூட்டமும் இருக்கும்; கொட்டகைகளை நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் அந்நாள்களைத் தவிர்ப்பதே நல்லது.

மறுநாள் ஈலி. கேம்பிரிட்ஜிலிருந்து ரயிலில் கால் மணி நேரப் பயணம். ஈலிப் பேராலயத்தின் நடுக்கோபுரம் 1322இல் இடிந்து விழுந்தபோது, அதே இடத்தில் மீண்டும் சதுரக் கோபுரம் கட்டாமல், எட்டு முகமுள்ள ஒரு பெருவெளியைத் திறந்து, அதன் உச்சியில் ஜன்னல்கள் வழியே கீழே ஒளி இறங்கும்படி மரத்தாலான ஒரு விளக்குக் கோபுரத்தை அமைத்தார்கள். கீழிருந்து பார்ப்பவர்களுக்கு அது அந்தரத்தில் தொங்குவதாகவே தோன்றும். உண்மையில், ஒவ்வொன்றும் சுமார் 63 அடி நீளமுள்ள எட்டு ஓக் மரத் தூண்களின் பாரத்தை, கூரைக்குள் மறைந்திருக்கும் சாய்மரங்கள் கற்சுவருக்குக் கடத்துகின்றன. உங்கள் கணவரின் பொறியியல் கண்ணுக்கு இது டக்ஸ்ஃபோர்டில் உள்ள எந்த விமானத்துக்கும் இளைத்ததாக இராது. வழிகாட்டியுடன் மேலே ஏறும் சுற்றுக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள். படிகள் அதிகம் என்பதால் மாமியார் கீழேயே அமர்ந்திருக்கட்டும்.

பெரிய பேராலயங்கள் பல பார்வையாளர்களிடம் கட்டணம் வாங்குகின்றன. வழிபாட்டுக்கு வருவோரிடம் வாங்குவதில்லை. பாடகர் குழு பாடும் மாலை வழிபாட்டில் எம்மதத்தவரும் கலந்துகொள்ளலாம். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் அமைதியாக அமர்ந்திருந்தால் போதும். காலணிகளைக் கழற்ற வேண்டியதில்லை. ஆண்கள் தொப்பியை எடுத்துவிட வேண்டும். வழிபாட்டின்போது படம் எடுக்கக் கூடாது. பட்டமளிப்பு விழா, இசை நிகழ்ச்சி முதலியவற்றுக்காகப் பேராலயங்களை மூடிவைப்பதும் உண்டு. ஆகவே கிளம்பும் நாள் காலையில் அவர்களின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

லிங்கனுக்கு ரயிலில் போகும்போது பீட்டர்பரோவில் வண்டி மாற நேரும். கையில் சுமை குறைவாக இருந்தால் அங்கே இறங்கி, பேராலயத்துக்குச் சென்று, 13ஆம் நூற்றாண்டில் வண்ணம் தீட்டிய மரக் கூரையையும், எட்டாம் ஹென்றியின் முதல் மனைவி கேத்தரின் அடக்கமான இடத்தையும் பார்த்துச் செல்லலாம்.

லிங்கன் பேராலயம் குன்றின் மேல் இருக்கிறது. அதற்கு ஏறும் தெருவின் பெயரே ஸ்டீப் ஹில், பெயருக்கேற்ற செங்குத்து. மாமியாரை டாக்ஸியில் மேலே அழைத்துச் செல்லுங்கள். போர்க்காலத்தில் திரும்பி வரும் விமானிகளுக்கு அந்தக் கோபுரங்களே ஊர் வந்துவிட்டதற்கு அடையாளமாக இருந்தன. எதிர்க்குன்றில் 2018இல் திறக்கப்பட்ட பாம்பர் கமாண்ட் (பிரிட்டிஷ் விமானப் படையின் குண்டுவீச்சுப் பிரிவு) நினைவு மையத்தின் உலோகத் தூண், லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை அகலத்துக்குச் சமமாக 31 மீட்டர் உயரம் கொண்டது. அதைச் சுற்றியுள்ள சுவர்களில் அப்பிரிவில் உயிரிழந்த ஏறத்தாழ 58,000 பேரின் பெயர்கள் உள்ளன.

கார் தேவைப்படுவது இங்கே, ஒரே ஒரு நாளுக்கு மட்டும். இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர் சுற்றுலா வந்து அங்கு ஓராண்டு வரை கார் ஓட்டலாம். சாலையும் நம்மைப் போலவே இடப்பக்கந்தான். ஆட்டோமேட்டிக் வண்டி வேண்டுமென்றால் சீக்கிரமே பதிவு செய்யுங்கள். அந்த நாள் வார நாளாக இருக்கட்டும். கோடைக்கால வார இறுதிகளில், கானிங்ஸ்பி விமானப் படைத் தளத்தின் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களும் லங்காஸ்டரும் காட்சிகளுக்காக வெளியூர் சென்றுவிடுகின்றன. அங்கு கொட்டகையைப் பார்த்தபின் ஊருக்குள் இருக்கும் செயின்ட் மைக்கேல் தேவாலயத்துக்குச் செல்லுங்கள். அதன் கோபுரத்தில் வரையப்பட்ட பெரிய கடிகாரத்துக்கு ஒரே ஒரு முள்தான்! பிறகு ஈஸ்ட் கிர்க்பி என்னும் ஊர். 1944 மார்ச்சில் நியூரம்பர்க் மீதான தாக்குதலில் அண்ணனைப் பறிகொடுத்த பான்டன் சகோதரர்கள், விவசாயிகளாக இருந்தும் அவர் நினைவாக ஒரு லங்காஸ்டரையே வாங்கி அங்கே வைத்தார்கள். அந்த விமானத்தின் நான்கு மெர்லின் இயந்திரங்களும் இன்றும் இயங்குகின்றன. அவை முழங்கத் தரையில் ஓடும் நாள்கள் குறிப்பிட்டவை. முதலில் அந்தத் தேதியை உறுதிசெய்துகொண்டு, மற்ற நாள்களை அதற்கேற்ப அமையுங்கள். விமானத்தினுள் ஏறினால், இறக்கைகளைத் தாங்கும் உத்தரத்தைத் தாண்டித்தான் முன்பக்கம் செல்ல முடியும். அது மாமியாருக்கு உகந்ததல்ல.

கடைசி நாள் லண்டனில் நேரம் மிஞ்சினால் ஹெண்டனில் உள்ள விமானப் படை அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். அனுமதி இலவசம், நார்தர்ன் பாதை மெட்ரோவில் காலின்டேல் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம்.