பக்கத்து வளவில் வந்த கல்தூளை நம்பி இன்னும் ஆழம் போகலாமா?

வத்தளை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "குழாய்க்கிணறு 160 அடி போயும் தண்ணீர் இல்லை. தரகர் ஒரு பைக் கல்தூளைக் காட்டி, 'பக்கத்து வளவில் 220 அடியில் தண்ணீர் வந்தபோதும் இதே தூள்தான், அதே படை இங்கேயும் வரும்' என்கிறார். இன்னும் 60 அடிக்குக் காசு கொடுக்கலாமா?"

அந்தப் பையை நம்பிக் கொடுக்காதீர்கள். கொழும்புப் பக்கம் கபுக் கல்லுக்கும் உக்கிய பாறைக்கும் கீழே இருப்பது பிரிகேம்பிரியன் காலத்து (54 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய) நைஸ் போன்ற, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய கெட்டிப் பாறை. அதில் தண்ணீர் நிற்பது வெடிப்பில். தூள் ஒரே நிறமென்றால் கல் ஒரே இனமாக இருக்கலாம், அவ்வளவுதான். வெடிப்பு சரிந்து ஓடும். அங்கே 220 அடியில் இருந்தது உங்கள் வளவில் 90 அடியிலேயே கடந்து போயிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

யாழ்ப்பாணத்து உறவினர் இதற்கு மாறாகச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது அவர்கள் மண்ணுக்குச் சரி. அங்கே இருப்பது மயோசீன் என்ற, மிகப் பிந்திய காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணக்கல். படைகள் பெரும்பாலும் மட்டமாகவே கிடக்கின்றன. தூளில் ஐதான அமிலம் ஒரு துளி விட்டால் பொங்கும். இரண்டு கிணற்றுத் தூளையும் ஆழவாரியாக அடுக்கிப் பார்த்தால் படைக்குப் படை பொருத்தலாம். அங்கேகூட, சுண்ணக்கல் கரைந்து பொந்து விழுந்த இடத்தில் தண்ணீர் கூடும், மற்ற இடத்தில் குறையும். வத்தளைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

உங்கள் கிணற்றுத் தூளையே பாருங்கள். தேநீர் வடியில் போட்டு மெல்ல அலசி, வெயிலில் காயவிடுங்கள். கூர்முனைச் சில்லுகள் புதிதாக உடைந்தவை. சில்லின் ஒரு பக்கத்தில் மட்டும் துருநிறம் பூசியிருந்தால், அது தண்ணீர் ஓடிய வெடிப்பின் முகம். 150 அடிப் பையில் செங்களி உருண்டை கிடந்தால் அது பெரும்பாலும் மேலிருந்து விழுந்தது. அப்படியானால், மேல்மண் சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் குழாய் பாறையில் இறுகவில்லை. கேசிங்கில்தான் பெரிய ஏமாற்று. இறக்கும்போதே ஒவ்வொரு துண்டையும் நின்று எண்ணுங்கள்.

வேலை முடிந்தபின் குவியலில் ஒரு பிடி அள்ளி, பையில் '220 அடி' என்று எழுதித் தரும் தரகர்கள் இருக்கிறார்கள். 10 அடிக்கு ஒரு பை, மெஷின் ஓடும்போதே, உங்கள் ஆள் கையால் எடுத்தது மட்டுமே சாட்சி. தோண்டிய கிணறுகளின் பதிவெல்லாம் ஓரிடத்தில் பொதுமக்கள் பார்க்கும்படி இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிராது. கேட்டுப் போனால் ஒரு மேசை அடுத்த மேசையைக் காட்டுகிறது. எத்தனை வருடமாக இப்படியே!

இப்போதைக்கு மெஷினை நிறுத்துங்கள். நீர்வள சபையிடமோ, தோண்டுபவரோடு தொடர்பில்லாத நிலநீர் நிபுணரிடமோ மின்தடை அளவை (நிலத்தில் மின்சாரம் செலுத்தி, கீழே வெடிப்பும் நீரும் இருக்கக்கூடிய இடத்தைத் தேடும் சோதனை) எடுப்பியுங்கள். கடலும் முத்துராஜவெல சதுப்பும் கிட்ட இருப்பதால், ஆழத்தில் உவர்நீர் வருமா என்பதையும் கேளுங்கள். அளவைக்கான காசை அறிக்கை எழுதுபவர் கையிலேயே கொடுங்கள், தரகர் மூலம் வேண்டாம்.