கோலம் போட ஆள் இருக்கிறது, கூட்டக்குறிப்பை நீங்கள் எழுதுங்கள்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்குச் சொந்த ஊர் கொக்கட்டிச்சோலைப் பக்கம். பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம், மூன்றாம் வருடம். மகளிர் தினத்தை ஒட்டிப் 'பால்நிலையும் தலைமைத்துவமும்' என்று ஒரு கருத்தரங்கு வைக்கிறோம். என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் தலைப்பு, பேச்சாளர், நேரம் எல்லாவற்றையும் ஆண் பிள்ளைகள் மூன்று பேர் கன்டீனில் இருந்து முடிவெடுத்துவிட்டு வந்து எங்களுக்குச் சொல்கிறார்கள். எங்களுக்குக் கோலம், வரவேற்பு, சிற்றுண்டி. வட்ஸ்அப் குறூப்பில் 'போராளி அக்கா வந்திட்டா' என்று கிண்டல் வேறு. பெரிய மாமா, "இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு, கலியாணம் பேசும்போது தெரியும்" என்கிறார். அம்மாவுக்குப் பஸ் பிந்திவிடும் என்ற பயம். விலகிவிடட்டுமா? இன்னொன்று, பெண் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நிறச் சேலை கட்ட வேண்டுமாம். கட்டத்தான் வேண்டுமா?
– படுவான்கரை வாசகி

பதில்: தங்கச்சி, விலக வேண்டாம். கோலமும் போட வேண்டாம். போடத்தான் வேண்டும் என்றால் ஆண் பிள்ளைகளும் குனிந்து போடட்டும், மாவு ஆள் பார்த்து ஒட்டுவதில்லை.

நீங்கள் எழுதிய பல்கலைக்கழகத்தின் பெயரை வெட்டிவிட்டேன். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகமோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமோ கொழும்போ, எங்கே போனாலும் இந்தக் கதையைக் கேட்கலாம்.

சில வருடங்களுக்கு முன் ஓரிடத்தில் பெண் தலைமைத்துவம் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். மேடையில் ஒன்பது கதிரைகள். ஏழில் ஆண்கள். விளக்கேற்றல், வரவேற்பு நடனம், பொன்னாடை, நினைவுச்சின்னம், பிறகு 'இரண்டே வார்த்தைகள்' என்று தொடங்கிய நான்கு பேர். என் முறை வந்தபோது மணி பன்னிரண்டரை. பத்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லித் துண்டு வந்தது. சாப்பாடு ஆறுகிறது என்று கேள்வி நேரத்தை அப்படியே தூக்கிவிட்டார்கள். அந்த நாளை ஓட்டி நடத்திய பெண் பிள்ளைகள் மண்டபத்துக்குப் பின்னால் சாப்பாட்டுப் பார்சல் எண்ணிக்கொண்டு நின்றார்கள்.

வாசலில் ஒரு பிள்ளை என்னை மறித்தாள். கையில் மடித்த தாள். "மிஸ், சீதன வீடு என் பேரில் இருக்கு. அதை ஈடு வைக்க அண்ணா கையெழுத்துக் கேட்கிறார். மாட்டேன் என்று சொல்லலாமா?" அன்று முழுநாளும் பேசப்பட்டதில் பேசத்தகுந்த விஷயம் இது ஒன்றுதான். அதுவும் வாசலில், செருப்பை மாட்டிக்கொண்டு. (சொல்லலாம் என்றுதான் சொன்னேன். சட்டப்படி கையெழுத்து அவளுடையது. ஆனால் அந்த வீட்டில் அண்ணனோடு ஒரே பானையில் சாப்பிடுகிறவளும் அவள்தானே. அதை எப்படிச் சமாளிப்பது என்று பேசத்தான் கருத்தரங்கு வேண்டும்.)

ஆகவே முதல் வேலை, நிகழ்ச்சி நிரலைக் கையில் எடுங்கள். செயலாளர் பதவியைப் பெண் பிள்ளைக்குக் கொடுப்பது எழுத்து வேலை என்று நினைத்துத்தான். கொடுத்தவர்களுக்கு அதில் இருக்கிற பலம் தெரியாது. மண்டபம் கேட்டுப் பீடாதிபதிக்குப் போகும் கடிதம், பேச்சாளருக்குப் போகும் அழைப்பு, கூட்டக்குறிப்பு எல்லாம் உங்கள் பேனாவால்தான் போகவேண்டும். கன்டீனில் எடுத்த முடிவு வந்தால் சண்டை பிடிக்காதீர்கள். "சரி, கூட்டத்தில் முன்மொழியுங்கள், எழுதுகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார் என்று பெயரோடு எழுதத் தொடங்கிப் பாருங்கள். பாதி யோசனைகள் தேநீரோடு நின்றுவிடும்.

அப்புறம் காசு. பொன்னாடைக்கும் நினைவுச்சின்னத்துக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தக் காசில் தூரத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப ஒரு வான் பிடிக்க முடியுமா என்றும் கேளுங்கள். கேள்வி நேரத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால், முழுதாக முக்கால் மணித்தியாலம் வையுங்கள். நிகழ்ச்சி மூன்று மணிக்கு முடியட்டும். மாணவர் தலைவர் மைக் வேண்டும் என்று நின்றால் நன்றியுரையைக் கொடுங்கள், கடைசி நிகழ்ச்சி அது.

இது சின்ன விஷயமாகத் தெரிகிறதா? இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். உங்கள் மாணவர் ஒன்றிய அறையில் முன்னாள் தலைவர்களின் பெயர்ப்பலகை தொங்கினால் ஒருநாள் போய் எண்ணிப் பாருங்கள், விரல்கள் மிஞ்சும். வெளியிலும் இதே கதைதான். 1931இலேயே பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த நாடு, 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரைக் கொண்டுவந்த நாடு. அப்படியிருந்தும் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் ஏறத்தாழ 2 வீதம்தான் இருந்தார்கள். 25 வீத ஒதுக்கீடு சட்டமாகி, 2018 தேர்தலில்தான் அந்த நிலை மாறியது. அதிலும் சட்டம் வட்டார வேட்பாளர்களில் பெண்களுக்கு 10 வீதமும் மேலதிகப் பட்டியலில் (வட்டாரத்தில் நிற்காமல், கட்சி பெற்ற வாக்குக்கு ஏற்ப இடம் கிடைக்கும் பட்டியல்) 50 வீதமும் கேட்டது. அதனால் நிறையப் பெண்கள் பட்டியல் வழியாக வந்தார்கள். 'வாக்குக் கேட்காமல் வந்தவ' என்ற பேச்சும் கூடவே வந்தது. உங்கள் பக்கத்துப் பிரதேச சபையில் இருக்கிற, இருந்த பெண் உறுப்பினர் ஒருவரைக் கூப்பிட்டு, சபையில் ஒரு மதகுக்குக் காசு கேட்டு வாங்குவது எப்படி என்று சொல்லச் சொல்லுங்கள். தலைமைத்துவம் பற்றி நாற்பது ஸ்லைட் போட்டுக் காட்டும் பேச்சாளரை விட அவர் பிரயோசனப்படுவார்.

இனி மாமா. அவரோடு புத்தகம் பேச வேண்டாம், குடி பேசுங்கள். நான் சொல்வது வம்சக் குடியை. "மாமா, நீங்கள் எந்தக் குடி?" என்று கேளுங்கள். அவர் சொல்வது தன் தாயின் குடியை. கலியாணம் முடித்து எந்த வீட்டுக்குப் போனார்? மாமியின் வீட்டுக்கு. மட்டக்களப்பில் குடியும் தாய்வழி, வீடும் மகள்வழி. தமிழருக்கும் அப்படித்தான், அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம்களுக்கும் அப்படித்தான். வெள்ளைக்காரன் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்ததில்லை இது.

ஆனால் இதைச் சொல்லிப் பெருமையடித்து நிறுத்திவிடாதீர்கள், மாமா கெட்டிக்காரர் என்றால் உங்களைத் திருப்பிப் பிடிப்பார். குடி பெண் வழியாக ஓடினாலும் கோயிலில் குடிக்காக வண்ணக்கராக, அதாவது கோயில் நிர்வாகியாக, நிற்பது ஆண். வீடு மகள் பேரில் என்றாலும் அதைப் பற்றிப் பேசி முடிப்பது தாய்மாமனும் அண்ணனும். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தே தீரவேண்டும் என்ற வழக்கத்துக்காக எத்தனை தாய்மார் மத்திய கிழக்குக்குப் போய் அடுத்தவர் வீட்டைத் துடைத்தார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சொத்து பெண்ணுடையது, சொல் ஆணுடையது என்றால் அது எந்த வகைத் தாய்வழி? பால்நிலைக் கற்கை என்று உங்கள் பீடத்தில் படிப்பது இந்தக் கேள்வியைத்தான். உங்கள் ஊரே ஒரு ஆய்வுக்களம், தங்கச்சி. இதைத் தலைப்பாக வையுங்கள். ஒலுவிலில் படிக்கும் முஸ்லிம் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் கீழ் வழக்கு விசாரிக்கும் காதி நீதிபதியாகப் பெண் ஒருவர் வர முடியாதது பற்றி அவர்கள் பேசினால், இரு பக்கத்துக்கும் ஒரே கதையின் இரண்டு துண்டுகள் கிடைக்கும்.

பேச்சாளர் தேடிக் கொழும்புக்குத் தொலைபேசி எடுக்கத் தேவையில்லை. பேராசிரியர் சித்திரலேகா மௌனகுரு கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டுதான் தமிழில் பெண்ணியம் பேசினார், எழுதினார். யுத்த காலத்தில், இடம்பெயர்ந்த பெண்களோடு வேலை செய்யத் தொடங்கிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் மட்டக்களப்பு நகரில்தான் இருக்கிறது. இன்னொரு கூட்டமும் உண்டு. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை வளாகத்தில் அடைக்கலம் தேடியிருந்த சனத்திலிருந்து 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள், திரும்பி வரவில்லை. அவர்களைத் தேடி முகாம் முகாமாக ஏறி இறங்கிய, ஆணைக்குழுக்களுக்கு முன்னால் போய்ச் சாட்சி சொன்ன தாய்மாரும் மனைவிமாரும் யாரிடமும் தலைமைத்துவச் செயலமர்வுச் சான்றிதழ் வாங்கியதில்லை. அவர்களில் ஒருவர் வரச் சம்மதித்தால் முன்வரிசைக் கதிரையைக் கொடுங்கள். பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

வட்ஸ்அப் கிண்டலுக்குப் பதில் எழுதாதீர்கள், ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். கிண்டல் மிரட்டலாகவோ அசிங்கமாகவோ மாறினால் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் இருக்கிறது. ஆனால் இப்போதைக்கு அந்தப் பையன்களில் ஒருவனிடம் வரவேற்பு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். பன்னீர்ச் செம்போடு வாசலில் ஒரு மணித்தியாலம் நின்றால் பாதி வாய் அடங்கும்.

அம்மாவின் பயத்தை மட்டும் மாமாவின் பேச்சோடு சேர்த்துக் கட்டாதீர்கள். படுவான்கரையை மறுகரையோடு இணைக்கும் மண்முனைப் பாலம் 2014இல்தான் வந்தது. அதற்கு முன் 'பாதை' என்ற மிதவைப் படகில் ஆற்றைக் கடந்து, இருட்டுக்கு முதல் வீட்டுக்கு வந்தாக வேண்டிய காலத்தில் வாழ்ந்தவர் அவர். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. எந்த பஸ், எத்தனை மணி, யார் கூட வருவார் என்று எழுதிக் கொடுங்கள். முடிந்தால் அம்மாவையே கூட்டிக்கொண்டு வாருங்கள். கேள்வி நேரத்தில் அவர் எழும்பி ஏதாவது கேட்டால் நீங்கள் வெட்கப்படக் கூடாது, சொல்லிவிட்டேன்.

சேலையா? ஒரே நிறம் என்று எந்தக் கூட்டத்தில் தீர்மானித்தார்கள், முன்மொழிந்தவர் யார் என்று உங்கள் கூட்டக்குறிப்பில் பாருங்கள். அதில் இல்லை என்றால் அப்படியொரு தீர்மானமே இல்லை. மார்ச் வெயிலில் இரண்டு பஸ் மாறி வருகிறவர் நீங்கள், பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.