தமிழில் சமையல் தளம் தொடங்க பிளாகரா, வேர்ட்பிரஸா? எதில் எஸ்இஓ, அதாவது கூகுள் தேடலில் முன்னே வருவது, நன்றாக இருக்கும்?

பிளாகரில் தொடங்கினால் கூகுளில் பின்தங்கிவிடுவோமோ என்று கேட்டிருக்கிறீர்கள். என் அக்காவின் சமையல் தளத்தை முதலில் பிளாகரிலும் அப்புறம் வேர்ட்பிரஸிலும் பார்த்துக்கொண்டவன் நான். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

வேர்ட்பிரஸில் இருக்கிறது என்பதற்காக எந்தப் பக்கத்தையும் கூகுள் மேலே ஏற்றி வைப்பதில்லை. ஆனால் நம்மைக் கேட்காமலே சிஎம்எஸ், அதாவது பிளாகர், வேர்ட்பிரஸ் போன்ற தளம் நடத்தும் மென்பொருள், சில முடிவுகளை எடுத்துவிடும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு அதில் முக்கியமானது பக்கத்தின் முகவரி.

பிளாகரில் ‘கோதுமை ரவை உப்புமா’ என்று தலைப்பு வைத்து வெளியிட்டுப் பாருங்கள். முகவரியில் ஆண்டும் மாதமும் இருக்கும், அதன் பிறகு வெறும் ‘பிளாக்-போஸ்ட்’. அதே மாதம் இன்னொன்று எழுதினால் வாலில் ஒரு எண் சேரும். ஆங்கில எழுத்தையும் எண்ணையும் தவிர வேறெதையும் அது முகவரிக்கு எடுத்துக்கொள்ளாது. ‘10 நிமிட ரசம்’ என்ற பதிவுக்கு முகவரி ‘10’ மட்டும்தான். வெளியிடும் முன்பே பெர்மாலிங்க் (பதிவின் நிலையான முகவரி) பகுதியில் ஆங்கில எழுத்தில் நாமே எழுதிக் கொடுத்தால் இது வராது. எங்களுக்கு இது தெரியவே இரண்டு வருடம் ஆனது.

வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பையே முகவரியாக்கிவிடும். பிரவுசரில் பார்க்க அழகாக இருக்கும். அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போதுதான் சங்கதி தெரியும். ஒவ்வொரு குறியும் சதவீத அடையாளங்களோடு 9 எழுத்தாக விரிந்துவிடும். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. முகவரிப் பெயருக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பதோ 200 எழுத்து, அதாவது தமிழில் 22 குறி. ‘செட்டிநாட்டு கத்தரிக்காய் புளிக்குழம்பு’ என்று வைத்தால் ‘செட்டிநாட்டு-கத்தரிக்கா’ என்பதோடு நின்றுவிடும். குழம்பே இருக்காது.

இதற்காகப் பயந்துவிட வேண்டாம். முகவரியில் சொல் இருப்பது கூகுளுக்குச் சின்ன விஷயம். தலைப்பும் உள்ளே எழுதியிருப்பதும்தான் பெரிது. ‘பிளாக்-போஸ்ட்’ முகவரியோடே அக்காவின் பதிவுகள் முதல் பக்கத்தில் வந்திருக்கின்றன. எங்களுக்கு அடி விழுந்தது இடம் மாறும்போதுதான். வேர்ட்பிரஸுக்குப் போனதும் தலைப்புகளிலிருந்து புது முகவரிகள் உருவாகி, 180 பதிவுகளின் பழைய முகவரிகள் ஒரே நாளில் செத்துப்போயின. கூகுளிலிருந்து வந்தவர்கள் கண்டது ‘பக்கம் இல்லை’ என்று சொல்லும் 404 பக்கம். பழையது ஒரு பத்தி, புதியது ஒரு பத்தி என்று எக்செல்லில் இட்டு, ஒவ்வொன்றுக்கும் 301 ரீடைரக்ட், அதாவது பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு, போட ஒரு வாரம் ராத்திரி உட்கார்ந்தேன். சொந்த டொமைன் (தளத்தின் சொந்தப் பெயர்) இருந்ததால்தான் அதுவும் முடிந்தது. பிளாகர் இலவசமாகத் தரும் பிளாக்ஸ்பாட் முகவரியிலேயே இருந்திருந்தால் 301 போட நம் கையில் சர்வரே கிடையாது.

அதனால் சிஎம்எஸ்ஸை யோசிக்கும் முன் டொமைன் வாங்குங்கள். அப்புறம் பிளாகரில் தொடங்கினாலும் சரிதான். ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வருக்கான வாடகை) செலவு இல்லை, சர்வர் வேகத்தைப் பற்றிக் கவலையும் இல்லை. வேர்ட்பிரஸில் மலிவான ஹோஸ்டிங்கும் கனமான தீமும் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) சேர்ந்தால், முக்கியமான படம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்ற கூகுளின் அளவைத் தொடுவதே கஷ்டம்.

சமையல் தளத்துக்கு வேர்ட்பிரஸை நான் விரும்ப ஒரு காரணம் உண்டு. ரெசிபி பிளகின் என்ற கூடுதல் மென்பொருளைப் போட்டால் சமைக்கும் நேரம், பொருட்கள், படம் எல்லாம் கூகுளுக்குப் புரிகிற ஸ்கீமா என்ற குறிப்பு வடிவில் தானே எழுதப்படும். தேடல் முடிவில் படமும் நேரமும் சேர்ந்து தெரிய வாய்ப்பு உண்டு. பிளாகரில் அதை ஒவ்வொரு பதிவிலும் கையால் ஒட்ட வேண்டும், அக்கா இரண்டு பதிவோடு விட்டுவிட்டார். தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குப் பட்டியலிட்டுக் காட்டும் சைட்மேப்புக்குத் தனி பிளகின் தேவையில்லை, 2020-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸிலேயே இருக்கிறது.

வேர்ட்பிரஸ் என்று முடிவெடுத்தால், முதல் பதிவுக்கு முன் இரண்டு இடம் பாருங்கள். ரீடிங் அமைப்பில் தேடுபொறிகளைத் தடுக்கும் கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். தளம் கட்டிக் கொடுக்கிறவர்கள் அதை மறந்துவிட்டுப் போவது சகஜம். பெர்மாலிங்க்கில் பதிவின் பெயர் மட்டும் வரும்படி வையுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும், முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் ‘kathirikai-pulikuzhambu’ என்று சுருக்கமாக அடித்துவிட்டு வெளியிடுங்கள்.